வாசகர் கேள்வி–பதில்: இடம்பெயர்ந்தோரை ஆய்வு செய்ய…

எம்.ஏ. சமூகவியல் முடிக்கப்போகிறேன். நகரங்களில் வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் பற்றி பி.எச்டி. செய்ய என்ன வழி?
– வாசகி, நாமக்கல்

முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. அடுத்தது யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கமாட்டார்கள், ஒன்றையும் விடாதீர்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதந்தோறும் 37,000 ரூபாய். வயது வரம்பு 30; பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு. எங்கே சேர்வது என்பதைவிட யாரிடம் சேர்வது என்று பாருங்கள். களத்துக்கே போகாத நெறியாளரிடம் இந்தத் தலைப்பு தேறாது. சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனம் (எம்.ஐ.டி.எஸ்.), 1998-இல் கேரள இடம்பெயர்வுக் கணக்கெடுப்பைத் தொடங்கிய திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் (சி.டி.எஸ்.) இரண்டையும் விசாரியுங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்தவர்களில் பெண்களே அதிகம் என்கிறதே, சரியா?
– வாசகர், மதுரை

சரிதான். மொத்தம் 45 கோடிக்கு மேல். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். பக்கத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாலும் அது இடம்பெயர்வுதான். வேலைக்காக வந்தவர்கள் வேண்டுமென்றால் அந்தக் கணக்கெடுப்பின் இடம்பெயர்வு அட்டவணைகளான டி வரிசையில் காரணத்தையும் தங்கிய காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். சில மாதம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் அதிலும் சிக்கமாட்டார்கள். அவர்களுக்கு 2007–08 தேசிய மாதிரி ஆய்வு உதவும். பழையது, ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் போய்வந்தவர்களைத் தனியாக எண்ணியிருக்கிறது.

திருப்பூரில் 60 பேரிடம் கூலி கேட்டேன். ஒரே வேலைக்கு ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். யாரை நம்புவது?
– ஆய்வு மாணவர், கோவை

எல்லாரையும் நம்பலாம். “கூலி எவ்வளவு?” என்று ஒரே கேள்வியாகக் கேட்டதில்தான் கோளாறு. பனியன் கம்பெனிகளில் கணக்கு ஷிப்டில் ஓடுகிறது: 8 மணி நேரம் ஒரு ஷிப்ட், 12 மணி நேரம் ஒன்றரை. ஒருவர் ஷிப்ட் கூலியைச் சொல்லியிருப்பார், இன்னொருவர் வாரச் சம்பளத்தை, தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லர் வேறொன்றை. உடைத்துக் கேளுங்கள்: ஷிப்டுக்கு என்ன, போன வாரம் எத்தனை ஷிப்ட், அட்வான்ஸுக்குப் பிடித்தது, மெஸ்ஸுக்கும் அறைக்கும் பிடித்தது, கையில் வந்தது. பெருக்கிக் கழித்துப் பார்த்து, கணக்கு இடித்தால் அங்கேயே திரும்பக் கேளுங்கள். அறைக்கு வந்தபின் திருத்தினால் அது உங்கள் ஊகம்.

சம்பளத்துக்கு மறுநாள் போனால் எண்கள் நினைவில் இருக்கும். விடுதியில் சூப்பர்வைசர் நிற்கும்போது கேட்காதீர்கள். பத்துப் பேரும் ஒரே பதில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, டீக்கடை நல்லது. ஒருவர் கைகாட்டிய ஆட்களிடமே போய்க்கொண்டிருந்தால் 60 பேரும் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பார்கள். நாலைந்து இடங்களில் தனித்தனியாகத் தொடங்கி, ஒரு தொடரில் 10 பேரோடு நிறுத்துங்கள். ஹோலி, சத் பூஜை சமயத்தில் பீகார்க்காரர்கள் பலர் ஊருக்குப் போயிருப்பார்கள். அப்போது எடுத்த மாதிரி போகமுடியாதவர்களின் மாதிரி.

அனுமதி தந்த கம்பெனி, பதில்களைக் காட்டச் சொல்கிறது. காட்டலாமா?
– வாசகர், ஈரோடு

கூடாது. பெயரை எடுத்துவிட்டாலும் மாவட்டம், வயது, வேலைப்பிரிவு மூன்றும் சேர்ந்தால் ஆள் யாரென்று சூப்பர்வைசர் சொல்லிவிடுவார். மொத்தச் சுருக்கம் மட்டும் தருவதாக அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். யாருக்கு எந்த எண் தந்தீர்கள் என்ற பெயர்–எண் பட்டியலை வேறொரு இடத்தில் பூட்டி வையுங்கள். கையெழுத்துக்குப் பயப்படுகிறவர்களிடம் வாய்மொழி ஒப்புதல் போதும். அதற்கு உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும்.