இணைய முடக்கத்தை ஏன் ஊடாடும் கலையாகவும் தரவுப் படமாகவும் காட்டுகிறார்கள்?

இணைய முடக்கம் என்றால், பெரும்பாலும் அரசு உத்தரவால், ஒரு பகுதியில் இணையத்தை வேண்டுமென்றே நிறுத்துவது. ஊடாடும் காட்சி என்பது நாம் தொட்டு நகர்த்த நகர்த்த மாறும் படம்.

சரி, ஏன் இப்படி? இல்லாமல் போனதைப் புகைப்படம் எடுக்க முடியாது. கரண்ட் போனால் தெருவே இருட்டாகிவிடும். இணையம் போனால் வெளியே எல்லாம் வழக்கம்போலத்தான் தெரியும்.

எகிப்தில் 2011 ஜனவரி இறுதியில் சுமார் 5 நாள் இணையம் நின்றது. அந்த நாட்களில் இணையம் எவ்வளவு பயன்பட்டது என்பதைக் காட்டும் வரைபடக் கோடு மேடும் பள்ளமுமாக ஓடிவந்து, சட்டென்று தரையில் விழுந்து அப்படியே கிடக்கும். அந்தத் தட்டையான இடத்தை விரலால் மெல்லக் கடக்கும்போதுதான் 5 நாள் எவ்வளவு நீளம் என்பது உறைக்கிறது. எண்ணாகப் படித்தால் உறைப்பதில்லை.

அப்புறம், கோடு விழுந்தாலே அரசு முடக்கியது என்று நினைத்துவிடாதீர்கள். கடலடி கேபிள் அறுந்தாலும் கோடு விழும்.