மலை டீச்சர் பதில்கள்: ரெட்வுட் காட்டில் தட்டுவடை

கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது கடலோர ரெட்வுட் (வானளாவ வளரும் ஊசியிலை மரம்) காட்டில் கூடாரம் போட்டுத் தங்கியதைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். காபிச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் இந்த இதழில் விடுமுறை.

ஜூலையில் நவாரோ ஆற்றங்கரையில் இரண்டு ராத்திரி கூடாரத்தில் தங்கலாம் என்கிறான் மகன். கோடைதானே, ஸ்வெட்டர் எதற்கு என்கிறார் என் கணவர்.
*(வாசகி, அஸ்தம்பட்டி)*

உங்கள் வீட்டுக்காரர் சேலத்து வெயிலை மனதில் வைத்துப் பேசுகிறார். அங்கே கோடையில்தான் மூடுபனி. உள்நாட்டுச் சமவெளி கொதிக்கும்போது, குளிர்ந்த கடல் காற்று பனியைச் சுமந்துகொண்டு ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக உள்ளே வரும். ராத்திரி 10 டிகிரி வரை இறங்கும். ஏற்காட்டு மார்கழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் கூடாரத் துணி மேல் சொட்டுச் சொட்டென்று சத்தம். மழை என்று நினைத்து, கொடியில் கிடந்த துண்டை எடுக்க வெளியே வந்தேன். வண்டிப் பாதையில் புழுதி அப்படியே இருந்தது; மரத்தடி மட்டும் நனைந்திருந்தது. பனி இலைகளில் கோத்து, திரண்டு, கீழே விழுகிறது. கோடையில் மழையே எட்டிப் பார்க்காத அந்த ஊரில், மரத்துக்குக் கிடைக்கும் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி வருவதுதான்.

ஸ்வெட்டர், குல்லா, இரண்டு ஜோடி சாக்ஸ். மேலே போர்த்துவதைவிட அடியில் விரிப்பது முக்கியம். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். விறகு பொறுக்க அனுமதி கிடையாது. வீட்டிலிருந்தும் கொண்டுபோக வேண்டாம், விறகோடு மரநோயும் பயணம் செய்யும். பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். 128-ஆம் எண் நெடுஞ்சாலை நவாரோவை ஒட்டி சுமார் 18 கி.மீ. மரங்களுக்குள்ளேயே கடலை நோக்கிப் போகும். அழகுதான், ஆனால் அவை பழைய காட்டை வெட்டிய பிறகு தழைத்த மரங்கள். கிழவர்களைப் பார்க்க, அதே ஆற்றில் மேலே போனால் ஹெண்டி வுட்ஸ் பூங்கா. அங்கே கோடரி படாத 80 ஏக்கர் சோலை இருக்கிறது. அதைப் பார்க்காமல் திரும்பினால் மகனிடம் சண்டை போடலாம், தப்பில்லை.

தட்டுவடை, முறுக்கு, புளிச்சோறு கட்டிக்கொண்டு போகலாமா? குரங்குத் தொல்லை உண்டா?
*(வாசகர், செவ்வாய்ப்பேட்டை)*

குரங்கு இல்லை. நீல உடம்பும் கறுப்புக் கொண்டையுமாக ஸ்டெல்லர் ஜே என்று ஒரு பறவை இருக்கிறது. குரங்கே அதனிடம் பாடம் படிக்கலாம். என் பேரன் தட்டுவடையைக் கடித்தான், ஓரத்தில் ஒரு சில் உடைந்து மேசைக்கடியில் விழுந்தது. குனிவதற்குள் ஜே அதைக் கொத்திக்கொண்டு கிளைக்குப் போய்விட்டது.

போனால் போகட்டும் என்று விட முடியாது. முர்லெட் என்ற சிறிய கடற்பறவை அந்த முதுமரங்களை நம்பித்தான் இருக்கிறது. கூடு கட்டாது. உயரத்தில், பாசி படிந்த அகலமான கிளையில் ஒரே ஒரு முட்டை. மீன் பிடிக்கக் கடலுக்குப் போய் வரும். அது எங்கே முட்டையிடுகிறது என்பது பறவை நிபுணர்களுக்கு வெகுகாலம் பிடிபடவில்லை. 1974-இல் பிக் பேசின் பூங்காவில் கிளை வெட்ட ஏறிய ஒரு மரத் தொழிலாளி கண்ணில்தான் குஞ்சு பட்டது. நாம் சிந்தும் பருக்கைக்காக ஜேயும் அண்டங்காக்கையும் முகாமில் கூடும். கூடினால் மேலே இருக்கும் அந்த ஒற்றை முட்டையையும் தின்னும்.

அதனால் தாராளமாகக் கட்டிக்கொண்டு போங்கள், தட்டில் வைத்துச் சாப்பிடுங்கள். எழுந்ததும் மேசை, பெஞ்சு, தரை மூன்றையும் பார்த்துப் பொறுக்குங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறேன் பேர்வழி என்று மரத்தடியில் கொட்டாதீர்கள். கரடி நடமாடும் முகாம்களில் இரும்புப் பெட்டி வைத்திருப்பார்கள். சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பும் அதற்குள்தான் போக வேண்டும்.

100 மீட்டருக்கு மேல் வளரும் மரம் காற்றில் சாயாதா?
*(கல்லூரி மாணவர், சூரமங்கலம்)*

சாயும். ஹம்போல்ட் பூங்காவின் டயர்வில் ஜயன்ட் என்ற ரெட்வுட் மரம் 1991-இல் விழுந்தது. ஆணிவேர் கிடையாது, வேர் ஆழம் மூன்று நான்கு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் பக்கவாட்டில் 30 மீட்டர் வரை ஓடி, பக்கத்து மரத்து வேர்களோடு பின்னிக்கொள்ளும். பட்டை 30 செ.மீ. வரை தடிக்கும், தீயைத் தாங்கும். உலகிலேயே உயரமான மரம் என்று பேரெடுத்த, சுமார் 116 மீட்டர் உயர ஹைப்பீரியனைத் தேடிப் போகாதீர்கள். மிதிபட்டே அதன் வேர்ப்பகுதி நாசமானதால் அங்கே நடமாடத் தடை, மீறினால் அபராதம், சிறை.

அங்கே தொட்டால் அரிக்கும் செடி உண்டாமே?
*(வாசகி, ஓமலூர்)*

பாய்சன் ஓக். ஒரு காம்பில் மூன்று இலை, பளபளப்பாக இருக்கும், சில காலம் சிவக்கும். சேராங்கொட்டைக்குச் சொந்தக்காரச் செடி. மாவும் முந்திரியும் அதே குடும்பம்தான். மாங்காய்ப் பால் பட்டால் உதடு புண்ணாகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியையும் சேர்த்து. சுள்ளி என்று அடுப்பில் வைத்துவிடாதீர்கள், அந்தப் புகை நுரையீரலைப் பதம் பார்க்கும்.

கீழே புளியாரை மாதிரியே ஒரு செடி பாய் விரித்திருக்கும். அது நிஜமாகவே புளியாரையின் உறவு. வெயில் நேராக விழுந்தால் சில நிமிடத்தில் இலையை மடக்கிக்கொள்ளும். குழந்தைகளை அங்கே உட்கார வைத்துவிட்டால் உங்களுக்குச் சமையல் முடியும்.

நாகலூரில் ரெட்வுட் நடலாமா?
*(தோட்டக்காரர், நாகலூர்)*

மார்ச், ஏப்ரலில் நம் மலை காய்ந்து கிடக்கும்போது அதற்குப் பனிக்கு எங்கே போவீர்கள்? சில்வர் ஓக்கே போதும், மிளகுக்கொடியும் ஏறும்.

என் கணவர் பயங்கரமாகக் குறட்டை விடுவார். பக்கத்துக் கூடாரத்தில் சண்டைக்கு வருவார்களா?
*(பெயர் வேண்டாம் என்ற வாசகி, அம்மாப்பேட்டை)*

கலிபோர்னியா மாநிலப் பூங்காக்களில் இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது என்பது விதி. பாட்டு, ஜெனரேட்டர் இதற்கெல்லாம்தான், குறட்டைக்கு இல்லை. ஆறு சத்தம் போட்டு மறைத்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். கோடையில் நவாரோ வற்றிப்போய் ஊர்ந்துகொண்டிருக்கும். முன்பதிவு செய்யும்போதே ஓரமான இடமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு முன்பே திறந்துவிடுவார்கள், அங்கே காலை 8 மணிக்கு. ஜூலைக்கு வேண்டுமானால் ஜனவரியில் நம்மூர் நேரம் இரவு 9.30. அப்போது அவர் தூங்கியிருப்பார், நீங்களே நிம்மதியாகப் போட்டுவிடலாம்.