அயர்ன் பாக்ஸில் பி.சி.பி.: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சர்க்யூட் படத்தின் லேசர் பிரிண்ட்டைச் செம்பு பூசிய பலகைமேல் வைத்து, அயர்ன் பாக்ஸால் தேய்த்து பி.சி.பி. (மின்சுற்றுப் பலகை) செய்கிறேன். தாளை உரித்தால் பாதிக் கோடுகள் அதோடு வந்துவிடுகின்றன. அதிக நேரம் தேய்த்தால் கோடுகள் பரவி ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. எத்தனை நிமிடம் தேய்ப்பது? (ஈரோடு வாசகர்)

பதில்: நிமிடக் கணக்கு பிறகு, முதலில் செம்பைக் கவனியுங்கள். விரல் பட்ட எண்ணெய் இருக்கும் இடத்தில் டோனர் (லேசர் பிரிண்டரின் கருப்புத் தூள்) பிடிக்காது. 600 நம்பர் வாட்டர் பேப்பரால் (உப்புத்தாள்) தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாத்திர சோப்பால் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் படலமாகப் பரவி நின்றால் எண்ணெய் போய்விட்டது. உலர்ந்ததும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, அதன்பின் ஓரத்தை மட்டுமே பிடியுங்கள்.

டோனர் ஒரு பிளாஸ்டிக் தூள். சூட்டில் இளகிச் செம்பில் ஒட்டும். ஆவியை நிறுத்தி, காட்டன் சூட்டில், முதல் ஒரு நிமிடம் அயர்ன் பாக்ஸை நகர்த்தாமல் வையுங்கள். தாள் ஒட்டுமுன் இழுத்தால் கோடு இழுபடும். உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டால் பரவும். பிறகு ஓரங்களை முனையால் தேய்த்து, மொத்தம் 3 முதல் 5 நிமிடத்தில் முடியுங்கள்.

ஆறிய பின் 15 நிமிடம் தண்ணீரில் ஊறட்டும். உரிக்கவே வேண்டாம், கட்டைவிரலால் தேய்த்துக் கூழாக எடுங்கள். பேட் (பாகத்தின் காலைப் பற்றவைக்கும் செம்புத் திட்டு) நடுவிலுள்ள துளியூண்டு வட்டத்தில் தாள் இழை தங்கினால் பிறகு கரைசலில் போடும்போது அங்கே செம்பு அரிக்காது; அந்தக் குழி இல்லாவிட்டால் 0.8 மி.மீ. டிரில் பிட் வழுக்கும். பழைய டூத் பிரஷ் போதும். விட்டுப்போன கோடுகளைப் பெர்மனென்ட் மார்க்கரால் நிரப்பலாம்.

தாளுக்கு வாரப்பத்திரிகையின் வழவழப்பான உள்பக்கம் நல்லது. (அட்டை வேண்டாம், தடிமன் அதிகம். இந்த இதழைக் கிழிப்பதானால் படித்த பிறகு!)

கேள்வி: இங்க்ஜெட் பிரிண்ட் ஆகுமா? மிரர் செய்ய வேண்டுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஆகாது, அதில் இருப்பது மை. ஜெராக்ஸ் பிரதி ஆகும். டோனர் சேவ் (டோனரைக் குறைத்து அச்சிடும் வசதி) அணைந்திருக்கட்டும். செம்புப் பக்கத்து எழுத்துகள் தாளில் இடவலம் மாறித் தெரிந்தால் சரி.

கேள்வி: டோனர் மூடாத செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் ஒரு மணி நேரமாகியும் செம்பு போகவில்லை. (கரூர் வாசகர்)

பதில்: கரைசல் குளிர்ந்திருக்கும், அல்லது செம்பு நிறைந்து தீர்ந்திருக்கும். பிளாஸ்டிக் தட்டைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்து 40 டிகிரிக்கு மேல் கொண்டுவந்து ஆட்டிக்கொண்டே இருங்கள். 35 மைக்ரான் செம்பு சுமார் 20 நிமிடத்தில் கரையும். அதிக நேரம் கிடந்தால் டோனருக்கு அடியிலும் அரித்து, மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். புதிதாகக் கலக்கும்போது தண்ணீரில் தூளைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், நன்றாகச் சூடேறும். தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அதிலுள்ள செம்பு மீன்களைக் கொல்லும்.