பதிவறை போனால் வேலையும் போகுமா?

கேள்வி: தாலுகா ஆபீஸ் பதிவறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வரலாற்றில் எம்.ஏ. முடித்த என் மகள், ஆவணக் காப்பகப் படிப்புக்குப் போகப் போவதாகச் சொல்கிறாள். எல்லாமே கம்ப்யூட்டருக்குப் போய்விட்ட காலத்தில் இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அண்ணாச்சி, மகள் தாராளமாகப் படிக்கட்டும். ஸ்கேன் எடுத்தால் வேலை முடிந்தது என்ற நினைப்புதான் இன்று பழைய காகிதங்களுக்குப் பெரிய ஆபத்து.

நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு என்ற பழைய ஆண்டுக் கணக்கு போட்டிருக்கும், உங்களுக்குத் தெரியாததா? 'கொல்லம் 1061, தை' என்று இருப்பதைப் பார்த்து, ஸ்கேன் எடுப்பவர் ஆண்டுக் கட்டத்தில் 1061 என்றே அடித்துவிட்டால், 1886ஆம் வருஷத்துப் பத்திரம் சோழர் காலத்துக்குப் போய்விடும். அப்புறம் யார் தேடினாலும் சிக்காது. கி.பி. ஆண்டு தெரிய, தை மாதம் என்றால் 825 கூட்ட வேண்டும். ஆவணி பிறந்ததிலிருந்து மார்கழிப் பாதி வரை 824தான். வருஷத்தைக் குறிக்கும் ௵ மாதிரியான குறிகள், புள்ளி வைக்காத எழுத்து, இவற்றையெல்லாம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்தே ஆக வேண்டும்.

எந்தக் கோப்பு எந்த ஆபீசிலிருந்து வந்தது என்பதும் அப்படித்தான். திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019இல் தென்காசி பிரிந்தது. ஓர் ஊரின் பழைய கோப்பைத் தேடி வருகிறவர் எங்கே போய்க் கேட்பது? நிர்வாகம் மாறிய கதை தெரிந்தவர்தான் வழிகாட்ட முடியும்.

இன்னொரு பாரமும் சேர்ந்திருக்கிறது. தொண்ணூறுகளில் அன்றைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு வரி புரியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு ஏற்றதே 2010இல்தான். முந்தைய கோப்புகளை மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து வைக்க ஆள் வேண்டும். உங்கள் காலத்துக் கட்டுகளை இராமபாணப் பூச்சி அரித்தாலும் மிச்சத்தை வாசிக்கலாம். ஹார்ட் டிஸ்க் பழுதானால் மொத்தமாகப் போய்விடலாம். அதனால் வேறு வேறு இடங்களில் பிரதி வைப்பார்கள். கோப்பில் இருப்பதை வைத்துக் கணினி கணக்கிட்டுத் தரும் செக்சம் என்ற எண்ணைக் குறித்துவைத்து அவ்வப்போது ஒப்பிடுவார்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். பதிவறை எழுத்தர் கட்டைப் பிரித்துப் பார்த்து அடுக்கிய அதே அக்கறைதான் இதற்கும் வேண்டும்.

சம்பள விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நிரந்தர அரசு வேலை குறைவு, ஒப்பந்த வேலைதான் அதிகம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். நூலகங்கள், திருச்சபைகள், வங்கிகள், பழைய கம்பெனிகள் என்று விசாரிக்கட்டும். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டுப் பட்டயப் படிப்பு நல்ல தொடக்கம்.

கணினிப் பக்கத்தை அங்கே கற்றுக்கொள்வாள். பழைய கையெழுத்தை வாசிக்க மட்டும் இப்போதே நீங்கள் சொல்லிக்கொடுங்கள். வீட்டுப் பத்திரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.