மேல்முறையீடு போட்டும் வசூல் நிற்கவில்லையா?

வணக்கம் சார். வருமான வரித் தீர்ப்பாயத்தில் தோற்று, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு போட்ட பிறகும் வசூல் நோட்டீஸ் வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். மேல்முறையீடு போட்டதாலேயே வசூல் நிற்காது. இடைக்காலத் தடை கேட்டுத் தனி மனு போட வேண்டும். உங்கள் வக்கீல் அதைப் போட்டாரா என்று இன்றே கேளுங்கள்.

வெறும் "கையில் பணமில்லை" என்று எழுதினால் எடுபடாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 260ஏ பிரிவில், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் மேல்முறையீடே ஏற்கப்படும். அந்தக் கேள்வியை மனுவின் தொடக்கத்திலேயே வையுங்கள். வங்கிக் கணக்கை முடக்கினால் தொழில் என்னவாகும் என்பதைக் காகிதத்தில் காட்டுங்கள்: வங்கி ஸ்டேட்மென்ட், சம்பளப் பட்டியல், கடன் தவணை அட்டவணை. ஒரு பகுதியைக் கட்டத் தயார் என்று நீங்களே ஒரு தொகை சொல்வது நல்லது என்பேன். நிபந்தனையில்லாத தடையை நம்பி இருக்காதீர்கள். கடைசியில் தோற்றால் மாதம் 1% வட்டியும் சேர்ந்து வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

அதே சட்டத்தின் 226(3) பிரிவில் வங்கிக்கு நோட்டீஸ் போனால் உங்கள் கணக்கிலுள்ள பணம் நேராக வரித் துறையிடம் போய்விடும், அதுதான் என் பயம். தடை மனுவுக்கு நீதிமன்றத்தில் எண் கிடைத்ததும் நகலோடு வரி அதிகாரிக்குக் கடிதம் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு சீல் வாங்கிவிடுங்கள்.