கட்டடக்கலை படித்துவிட்டு நாற்காலி செய்யலாமா?

வணக்கம் ஐயா.

"ஐந்து வருஷம் பி.ஆர்க் படித்துவிட்டுத் தச்சு வேலைக்கா போவது?" என்று மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் பி.ஆர்க் என்ற கட்டடக்கலைப் பட்டம் படித்து, பிறகு மரச்சாமான் செய்ய வேண்டும் என்று அவள் கேட்பது விபரீத ஆசை இல்லை.

அமெரிக்காவில் சார்லஸ் கிரீன், ஹென்றி கிரீன் என்று அண்ணன் தம்பி இருவர். அப்பா மருத்துவர். செயின்ட் லூயிஸில் பள்ளி வயதிலேயே மரவேலையும் உலோக வேலையும் கற்றார்கள். அப்புறம்தான் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) கட்டடக்கலை. 1908இல் பாசடினாவில் கேம்பிள் குடும்பத்துக்கு வீடு வரைந்தபோது மேசை, நாற்காலி, விளக்குகளையும் அவர்களே வடிவமைத்தார்கள். அந்த மரச்சாமான்களில் மூட்டு வரும் இடங்களில் சின்னச் சதுரமாகக் கருங்காலித் துண்டு தெரியும், பழுப்பு மஹோகனியில் பொட்டு வைத்த மாதிரி. பரப்பைவிட ஒரு மயிரிழை மேலே எழும்பி, விரலுக்கு உறுத்தாமல் விளிம்பு மழுங்கியிருக்கும். வெறும் அழகு என்றுதான் நினைப்போம்; பலவற்றுக்கு அடியில் திருகாணி இருக்கிறது. மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். அதற்கு இடம் விட்டே மேசைப் பலகைகளை இணைத்தார்கள். உளி பிடித்துப் பழகாத கைக்கு இந்த யோசனை லேசில் வராது.

இங்கிலாந்தின் எர்னஸ்ட் கிம்சனும் கட்டடக்கலைஞர்தான். 1890இல் பாஸ்பரி கிராமத்துக்குப் போய், பிலிப் கிளிசெட் என்ற நாற்காலித் தொழிலாளியிடம் கடைசல் வேலை கற்றார். அதே வருஷம் நண்பர்களோடு மரச்சாமான் நிறுவனம் தொடங்கினார். முதலீடு போதாமல் 1892இல் மூடிவிட்டார்கள். இதையும் மறைக்காமல் சொல்கிறேன். திறமை இருந்தாலும் இந்தத் தொழில் சோறு போடக் கொஞ்ச காலம் ஆகும். கட்டடக்கலைப் பட்டம் அந்தக் காலத்தைத் தாங்கும் என்பதால்தான், உங்கள் மகளுக்கு நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுதி பி.ஆர்க் சேரும் வழியை முதலில் சொல்கிறேன். கட்டடமே வேண்டாம், மரச்சாமான் மட்டும் போதும் என்றால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) அதற்கென்றே படிப்பு இருக்கிறது. அதற்கு நுழைவுத் தேர்வு தனி.

எது சரி என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். பரீட்சை முடிந்ததும் ஒரு மாதம் உங்கள் ஊர்த் தச்சுப் பட்டறையில் சேர்த்துவிடுங்கள். இழைப்புளி தள்ளி, கையில் காய்ப்பு ஏறி, ஆட்டம் இல்லாத ஒரு முக்காலி செய்யட்டும். அதை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.