ஜப்பானில் குடும்பத்தோடு தங்கி ஆய்வு செய்த காலத்தில் உங்கள் மனத்தில் நின்ற வழக்கம் எது?

மார்ச் 3-ஆம் நாள் வரும் ஹினாமட்சுரி என்னும் பொம்மைத் திருவிழா. அதை ஏறக்குறையத் தவறவிட்டவள் நான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2012 அக்டோபரில், முனைவர் பட்டத்திற்காக செண்டாய் நகரின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். கணவரும் நான்கு வயது மகளும் உடன் வந்தார்கள். ஜப்பானில் பெண்களை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகம் அது. 1913-இல் அப்படிச் சேர்ந்த மூவரில் ஒருவரான குரோதா சிகா தாவரச் சாயங்களை ஆராய்ந்தவர் என்பதில், வேதியியல் மாணவியான எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த நாட்டில் பணியிடத்திலிருந்து மற்றவர்களுக்கு முன்பாகக் கிளம்புகிறவர், 'ஒசாகி நி ஷிட்சுரெய் ஷிமாஸ்' என்று சொல்லிவிட்டுப் போவார். உங்களுக்கு முன்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது பொருள். என்னை யாரும் இருக்கச் சொன்னதில்லை. அதைச் சொல்லக் கூசியே பல நாள் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தேன். வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள். அவளுடைய நாள் எப்படிப் போனது என்பதைக் கணவரிடமோ, கீழ்வீட்டுப் பாட்டியிடமோதான் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அந்தப் பாட்டியை நாங்கள் மூவருமே ஒபாச்சான் என்றுதான் அழைத்தோம். காலையில் மகள் அவரிடம் 'இத்தே கிமாஸ்' என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போவாள். சொல்லுக்குச் சொல் அது நம்முடைய 'போய்வருகிறேன்'தான்.

2013 மார்ச் 3 ஞாயிற்றுக்கிழமை. ஆய்வகத்தில் பாதியில் விட முடியாத ஒரு வேதிவினையைக் காவல் காத்துவிட்டு இரவு ஏழரைக்கு வந்தபோது, ஒபாச்சான் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். உள்ளே சிவப்புத் துணி விரித்த ஏழு படிகள். உச்சியில் பொன்னிறத் தட்டியின் முன் அரசரும் அரசியும், அடுத்த படியில் பணிப்பெண்கள் மூவர், அதற்கடுத்து இசைக்கலைஞர்கள் ஐவர். அவர்களில் ஒருவர் பிடித்திருந்த குழல் தீக்குச்சியைவிடச் சற்றே பெரியது. நான் வாயடைத்து நின்றதற்குக் காரணம் அழகு மட்டுமன்று. எங்கள் அம்மாவின் கொலுப்படி அப்படியே கண்முன் வந்தது. பெண் குழந்தைக்கு இந்தப் பொம்மைகளை வாங்கித் தருவது பெரும்பாலும் தாய்வழித் தாத்தா பாட்டி என்றார் அவர். என் திருமணத்தின்போது அம்மா மரப்பாச்சி இணையைச் சீராகக் கொடுத்ததைச் சொன்னேன், அரைகுறை ஜப்பானிய மொழியில்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே அவர் பொம்மைகளை எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார். நாள் கடந்தும் படியில் விட்டுவைத்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகும் என்பது நம்பிக்கை. அவருடைய மகளுக்கோ திருமணமாகி முப்பது ஆண்டுகள்! ஒவ்வொரு பொம்மையின் முகத்தையும் மெல்லிய தாளால் முதலில் மூடி, பிறகே உடலைச் சுற்றினார். ஒருவருக்கு வரவிருக்கும் தீங்கைக் காகிதப் பொம்மையின் மேல் ஏற்றி ஆற்றில் விடும் பழைய சடங்கு இந்த விழாவின் வேர்களில் ஒன்று என்பதால், ஒரு பெண்ணின் பொம்மையை இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். அதனால் என் மகளுக்குக் காகிதத்திலேயே ஓர் அரசரையும் அரசியையும் மடித்துக் கொடுத்தார்.

அந்த அக்டோபரில், பெயரளவுக்கு நாங்களும் கொலு வைத்தோம். அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே கணவரின் வேட்டியை விரித்து மூன்று படிகள். அம்மா தந்த மரப்பாச்சிக்குப் பக்கத்தில் காகித அரசரும் அரசியும் அமர்ந்தார்கள். கொண்டைக்கடலைச் சுண்டலை ஒபாச்சான் சாப்ஸ்டிக்கால் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டார். அந்த ஒன்பது நாளும் நான் 'ஒசாகி நி' சொல்லிவிட்டு ஆறு மணிக்கே கிளம்பினேன். உடன் ஆய்வு செய்தவர்கள் தலையைக்கூட நிமிர்த்தாமல் 'ஒட்சுகாரேசமா', அதாவது உழைத்துக் களைத்திருப்பீர்கள், என்று வழியனுப்பினார்கள்.

விஜயதசமி இரவு, கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஒரு மரப்பாச்சியைப் படுக்க வைத்தேன். சுண்டல் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒபாச்சான் அதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "தூங்குகிறார்களா?" என்று கேட்டார். மகள் உதட்டில் விரல் வைத்துத் தலையாட்டினாள். ஒபாச்சான் தம் கைக்குட்டையை எடுத்து, நான்காக மடித்து, பொம்மைக்குக் கழுத்து வரை போர்த்திவிட்டார்.